கலங்கிய தண்ணீரைக் கொட்டலாமா? தெளிய வைக்கலாமா?



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் போன் செய்தார். இப்போது ராமேஸ்வரம் பக்கம் பயணிகள் தங்கும் சின்ன விடுதி ஒன்று வைத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளமும் கட்டியிருக்கிறார். "டீச்சர், பத்து நாள் ஆளில்லாமக் கெடந்துச்சு. தண்ணி பூராம் பச்சையாப் போச்சு. அடித்தரையே தெரியலை. மொத்தத்தையும் இறைச்சு விட்டுட்டு, போர்ல புதுசா நிரப்பிரவா?" என்று கேட்டார்.

"கொட்டாதேப்பா, தெளிய வை" என்று சொன்னேன். ஏன், எப்படி என்று போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. இந்தக் கேள்விக்குப் பின்னால் நாலாயிரம் வருட வரலாறு இருக்கிறது. நம் தனுஷ்கோடி மண்ணின் கதையும் அதில் சேர்ந்திருக்கிறது. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆற அமரப் படியுங்கள்.

முதலில் நம் தீவின் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

தனுஷ்கோடிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா. நடுவில் மணல்திட்டு. அந்த மணலில் மூன்று நான்கு அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். கூப்பிடு தூரத்தில் உப்புக் கடல், கையில் குடிக்கிற தண்ணீர்! அங்குள்ள மீனவப் பெண்கள் அந்தக் குழியில் இறங்கி, ஊற ஊற மொண்டு குடத்தை நிரப்புவார்கள். வள்ளுவர் கல்விக்கு உவமையாகச் சொன்ன மணற்கேணி எப்படி இருக்கும் என்று கேட்ட பிள்ளைகளுக்கு இதைத்தான் நான் உதாரணமாகச் சொல்வது வழக்கம்.

இது அதிசயமல்ல, அறிவியல். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நல்ல நீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல் நீரின் அடர்த்தி சுமார் 1.025. அதனால் எண்ணெய் போல மேலே நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தைச் சேர்ந்த கைபென் என்பவரும், 1901-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியாக இதைக் கணக்கிட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் 1 அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிவரை நல்ல நீர் இருக்கும். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறதல்லவா? கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நாம் இறைத்து மேல்மட்டம் ஒரு சாண் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், அடியிலிருந்து உப்புத் தண்ணீர் நாற்பது சாண் ஏறிவரப் பார்க்கும். இன்று நல்ல தண்ணீர் தந்த போர் சில வருடங்களில் உப்பாவது இப்படித்தான்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிவரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடிய காலத்தில், நீராவி எஞ்சின்களுக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டியிருந்தது. உப்பு நீரை ஊற்றினால் கொதிகலனில் சுண்ணாம்பு படிந்து எஞ்சின் கெட்டுப்போகும். இடிந்துகிடக்கும் ரயில் நிலையத்தின் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் கடல் ஊருக்குள் ஏறியது. அரசு, இது வாழத் தகாத ஊர் என்று அறிவித்தது. ரயில் நிலையம், தபால் நிலையம், தேவாலயம் எல்லாம் போயின. ஆனால் அந்த மணலுக்கடியில் மழை சேர்த்துவைத்த நல்ல நீர் மட்டும் திரும்பவும் ஊறியது. அதை நம்பித்தான் மீனவர்கள் மறுபடி அங்கே குடிசை போட்டார்கள்.

இப்போது தம்பியின் நீச்சல் குளத்துக்கு வருவோம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம். பெருக்கினால் 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 3,200 குடம். 2017-இல் அரிச்சல்முனைவரை சாலை வந்தபின் பயணிகள் பெருகிவிட்டார்கள். விடுதிகளும் பெருகுகின்றன. பச்சை படர்ந்த ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரும் 3,200 குடத்தை வெளியே விட்டு, மறுபடி 3,200 குடத்தை உறிஞ்சினால், மணற்கேணியில் மொண்டு நிற்கிற பெண்ணின் குடத்தில் என்ன ஊறும்? இதற்காகத்தான் கொட்டாதே என்றேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கடலோர மணலில் நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும். குளத்தைக் காலி செய்தால், அடியிலிருந்து தள்ளும் நீர் தொட்டியையே தூக்கிவிடும், இல்லை விரிசல் விட வைக்கும். காலித் தொட்டி படகு மாதிரி. உள்ளே தண்ணீர் இருக்கும்வரைதான் அது தரையில் உட்கார்ந்திருக்கும்.

சரி, தெளிய வைப்பது எப்படி? இதில் இரண்டு வேறு வேறு நோய்கள் உண்டு. ஒன்று கலங்கல், மற்றொன்று பாசி. கலங்கல் என்பது உயிரில்லாத நுண்துகள். பாசி என்பது உயிருள்ள செடி இனம். துகளைப் படிய வைக்க வேண்டும். பாசியைக் கொன்று, பிறகு படிய வைக்க வேண்டும். மனித குலம் முதல் வேலையை மிகப் பழங்காலத்திலேயே கற்றுக்கொண்டது. இரண்டாவது வேலை வசப்பட்டு நூறு வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது.

முதல் வேலையில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். ராமநாதபுரம் சீமையில் ஊரணித் தண்ணீர்தான் குடிநீர். மழை பெய்ததும் அது செம்மண் கரைசலாக இருக்கும். நம் பாட்டிமார் தேற்றாங்கொட்டையை எடுத்து, மண்பானையின் உட்புறத்தில் உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி மூடி வைப்பார்கள். சிறிது நேரத்தில் மண் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீர் நிற்கும். இது நேற்று வந்த பழக்கமல்ல. சுஸ்ருத சம்ஹிதை கலங்கிய நீரைத் தெளிவிக்கும் பொருட்களில் இதையும் சேர்த்துச் சொல்கிறது. நம் கலித்தொகையில், கலங்கிய மனம் தெளிவதற்குத் தேற்றாங்கொட்டையால் தெளிந்த நீர் உவமையாக வருகிறது. அந்த மரத்துக்கு அங்கே 'இல்லம்' என்று பெயர். வீட்டைச் சொல்லும் அதே சொல். தேற்றுதல் என்றால் ஆறுதல் சொல்லித் தெளிவித்தல். தண்ணீரைத் தேற்றும் கொட்டை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

எப்படி வேலை செய்கிறது? நுண்ணிய மண் துகள்கள் எல்லாம் எதிர் மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் சேர்வதில்லை, சேராததால் படிவதில்லை. கொட்டையிலிருந்து கரையும் பொருள் அவற்றை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. ஒட்டி எடை கூடியதும் அடியில் இறங்கிவிடுகின்றன. படிகாரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதிலுள்ள அலுமினியம் துகள்களின் மின்னேற்றத்தைத் தணித்து, பஞ்சு போலத் திரட்டி இறக்குகிறது. முருங்கை விதைக்கும் இந்தக் குணம் உண்டு. சூடான் நாட்டுக் கிராமப் பெண்கள் நைல் நதித் தண்ணீரை அப்படித்தான் தெளிய வைத்தார்கள்.

ஆனால் தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணாடி மாதிரி தெரியும் தண்ணீரிலும் காலராக் கிருமி இருக்கும். இந்த இரண்டாவது பாடத்தை உலகம் மெதுவாகத்தான் படித்தது.

குளிக்கும் குளங்களையே எடுத்துக்கொள்வோம். மொகஞ்சதாரோவின் பெருங்குளம் உங்களுக்குப் பாடத்தில் வந்தது நினைவிருக்கும். சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். நீர் கசியாமலிருக்க நிலக்கீல் பூசிய சுவர். பக்கத்து அறையில் ஒரு கிணறு. ஒரு மூலையில் நீரை வெளியேற்றும் வடிகால். ஆக, இறைத்து நிரப்பு, கெட்டால் திறந்து விடு என்பதே அங்கிருந்த ஏற்பாடு. நாலாயிரம் வருடம் கழித்தும் ஐரோப்பாவில் இதே முறைதான் இருந்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் 1906-இல் திறந்த விக்டோரியா நீச்சல் மண்டபத்தில் மூன்று குளங்கள். புதுத் தண்ணீர் முதலில் முதல் வகுப்பு ஆண்களுக்கு. அவர்கள் குளித்த தண்ணீர் அடுத்து இரண்டாம் வகுப்பு ஆண்களுக்கு. அதுவும் முடிந்தபின் பெண்களுக்கு! சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது. தண்ணீரைச் சுத்தம் செய்யத் தெரியாத காலத்தில், யார் அழுக்கு யார் தலையில் என்பதை அந்தஸ்துதான் முடிவு செய்தது.

இதை மாற்றியது குளோரின். 1774-இல் ஷீலே அந்த வாயுவைக் கண்டறிந்தார். குடிநீரில் கிருமி கொல்ல அதைப் பயன்படுத்தலாம் என்று 1903-இல் எழுதியவர்களில் ஒருவர் நெஸ்ஃபீல்ட். அவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்த அதிகாரி என்பது நமக்குக் கூடுதல் செய்தி. 1905-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைபாய்டு பரவியபோது ஹூஸ்டன் என்ற மருத்துவர் ஊர்க் குடிநீரில் குளோரின் சேர்த்தார். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் அதையே நிரந்தர ஏற்பாடாக்கியது. ஓரிரு வருடத்தில் அங்கே பிரவுன் பல்கலைக்கழக நீச்சல் குளத்துக்கும் அது வந்தது. அதற்குப் பிறகுதான், ஒரே தண்ணீரை வடிகட்டி, கிருமி கொன்று, மறுபடி மறுபடி பயன்படுத்தலாம் என்ற நிலை உண்டாயிற்று. நீச்சல் குளத்து வரலாற்றில் பெரிய திருப்பம், தண்ணீரைக் கொட்டாமலே இருக்கலாம் என்று கண்டுபிடித்ததுதான்.

பாசிக்கு வருவோம். பச்சை என்றாலே எதிரி என்று எண்ண வேண்டாம். 1914-இல் தொடங்கிய சென்னை கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் மெதுமணல் வடிகட்டிகள் இருந்தன. அந்த மாதிரி வடிகட்டியில் மணலின் மேல் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து வழவழப்பான ஒரு தோல் படியும். அந்தத் தோல்தான் கிருமிகளைப் பிடித்துத் தின்கிறது. எந்த இடத்தில், எவ்வளவு என்பதுதான் கேள்வி.

வெயில், தேங்கிய நீர், அதில் கொஞ்சம் உரச்சத்து. இந்த மூன்றும் இருந்தால் பாசி வரும். 1904-இல் அமெரிக்க வேளாண் துறையின் மூரும் கெல்லர்மனும் மயில்துத்தம் சிறிது போட்டால் நீர்த்தேக்கப் பாசி சாகும் என்று காட்டினார்கள். உடனே பலன் தெரிந்தது. ஆனால் செம்பு எங்கும் போகாது. தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் தங்கும், மீனைக் கொல்லும். அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டால் நம் ஊரில் அது போய்ச் சேருமிடம் மன்னார் வளைகுடா. 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்த கடல் அது. கடைக்காரர் "பாசி மருந்து" என்று நீல நிறத்தில் ஏதாவது தந்தால், அதில் செம்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

பணமும் ஆளும் இருந்தாலும் பாசி விடாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில், உலகமே பார்க்கும்போது, மரியா லெங்க் அரங்கில் டைவிங் குளம் ஒரே இரவில் பச்சையானது. மறுநாள் பக்கத்துக் குளமும் நிறம் மாறியது. காரணம் என்ன தெரியுமா? ஆகஸ்ட் 5 அன்று யாரோ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஊற்றியிருக்கிறார்கள். அதுவும் கிருமி கொல்வது, குளோரினும் கிருமி கொல்வது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். காவலாளி இருவரும் அடித்துக்கொண்டு விழுந்தால் வீட்டுக்குள் யார் வருவார்? பாசி வந்தது. ஒரு குளத்தில் 37 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீரை மாற்றினார்கள். ஒலிம்பிக் குழுவுக்கு அது முடியும். தனுஷ்கோடி மணலுக்கு முடியாது.

இனி தம்பிக்குச் சொன்ன வழிமுறை. வரிசை மாறக்கூடாது.

1. இலை, குப்பையை வலையால் அள்ளுங்கள். சுவரையும் தரையையும் பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். பாசி வழவழப்பான உறைக்குள் ஒளிந்திருக்கும். தேய்க்காமல் மருந்து போட்டால் மேல்தோல்தான் சாகும்.

2. நீரின் பி.எச். அளவைச் சோதியுங்கள். 7.2 முதல் 7.6 வரை இருக்க வேண்டும். நம் பக்கத்துத் தண்ணீர் பெரும்பாலும் இதற்கு மேலே போகும். பி.எச். 7.5-இல் குளோரினில் ஏறக்குறைய பாதிதான் வீரியமாக இருக்கும். 8-க்குப் போனால் கால்வாசிதான். "எவ்வளவு போட்டும் கேட்கவில்லை" என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். குறைக்க ஆசிட் ஊற்றினால், அதையும் குளோரினையும் ஒருநாளும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். ஆசிட் ஊற்றிப் பல மணி நேரம் கழித்தே குளோரின்.

3. சூரியன் சாய்ந்தபின் குளோரின் போடுங்கள். வெயில் அதைத் தின்றுவிடும். கணக்கு இதோ: 30 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 10 கிராம், 1,000 லிட்டரில் 3 பி.பி.எம். தரும். பாசி கொல்ல 10 பி.பி.எம். வேண்டுமென்றால் 1,000 லிட்டருக்கு 33 கிராம். 48,000 லிட்டருக்கு சுமார் 1.6 கிலோ. வாளியில் தண்ணீர் வைத்து அதில் பவுடரைப் போடுங்கள், பவுடரின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததை மட்டும் குளத்தில் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சுண்ணாம்பே புதுக் கலங்கலாகிவிடும். கடற்காற்றில் பழைய பவுடரின் வீரியம் போயிருக்கும். புதுப் பை வாங்குங்கள். வேறு வகைக் குளோரின் மருந்தோடு இதைச் சேர்க்கவே கூடாது.

4. இரவு பகல் பம்பை ஓட விடுங்கள். வடிகட்டி அடைத்தால் கழுவுங்கள். காலையில் குளோரின் குறைந்திருந்தால் மாலையில் மறுபடி போடுங்கள். பச்சை போய் சாம்பல் வெள்ளையாக வந்தால் பாசி செத்துவிட்டது என்று பொருள்.

5. இப்போதுதான் பாட்டி வைத்தியம். படிகாரத்தைக் கரைத்து ஊற்றிக் கலக்கி, பம்பை நிறுத்தி ஓர் இரவு அசையாமல் விடுங்கள். எவ்வளவு என்பதை முதலில் இரண்டு மூன்று வாளியில் வெவ்வேறு அளவு போட்டுச் சோதித்துப் பாருங்கள். எது சீக்கிரம் தெளிகிறதோ அந்த அளவு. அடியில் படிந்த சேற்றை உறிஞ்சு குழாயால் மெல்ல எடுத்து வெளியே விடுங்கள். போவது சில குடம்தான், 3,200 குடமல்ல.

6. பி.எச்.சை மறுபடி பாருங்கள், படிகாரம் அதைக் குறைக்கும். குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்.முக்கு இறங்கி, அடித்தரை தெளிவாகத் தெரிந்தபிறகே யாரையும் இறங்க விடுங்கள். அடி தெரியாத குளத்தில் மூழ்கிய பிள்ளையும் தெரியாது.

ஒரே ஒரு விலக்கு. வருடக்கணக்காக மிதக்கும் குளோரின் மாத்திரை மட்டும் போட்டிருந்தால் அதிலுள்ள அமிலம் சேர்ந்து குளோரினையே மந்தமாக்கியிருக்கும். அப்போது ஒரு பகுதி நீரை மாற்றத்தான் வேண்டும். மழைக்காலத்தில் மாற்றுங்கள். மேகமே நிரப்பிக் கொடுக்கும்.

இந்த முறை சிமென்ட் தொட்டிக்கு மட்டும். நம் தீர்த்தங்களில் தயவுசெய்து பிளீச்சிங் பவுடர் கொட்டாதீர்கள். அவை உயிருள்ள நீர்நிலைகள். மீனும் தவளையும் வாழ்கின்றன. கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தக் கிணறுகள் தினமும் வாளி வாளியாக இறைக்கப்படுவதால் தண்ணீர் புதிதாக ஊறிக்கொண்டே இருக்கிறது. 'இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்' என்பது சும்மா சொன்ன வார்த்தையல்ல. வெளியே தீவு முழுக்க இருக்கும் தீர்த்தக் குளங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றில் நாம் போடும் பொரி, எண்ணெய், சோப்பு, பழந்துணி எல்லாம் பாசிக்கு உரம். மீனுக்குப் புண்ணியம் என்று நாம் இறைக்கும் பொரியில் மீன் தின்றது போக மிச்சம் பாசிக்குப் போகிறது. அங்கே மருந்து வேண்டாம். தூர் வாருவதும், வரத்துக்கால் திறப்பதும், கரையில் மரம் வைப்பதும், எதையும் போடாமல் இருப்பதும்தான் வைத்தியம். விவேகானந்த கேந்திரத்தார் முன்னின்று, தூர்ந்து கிடந்த பல தீர்த்தங்களை இப்படித்தான் மீட்டார்கள். மண்ணை அள்ளினார்கள், ஊற்று தானாகத் திறந்தது. தூர் வாரிய குளத்தில் தங்கும் மழை, மணலுக்கடியில் இறங்கி, உப்பைக் கீழே தள்ளி வைக்கிறது. தீர்த்தம் என்று பெரியவர்கள் காத்தது தண்ணீர்ச் சேமிப்புக் கிடங்கைத்தான்.

செல்வங்களே, ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கெட்டுப்போன தண்ணீர் என்று பெரும்பாலும் ஒன்று கிடையாது. கவனிக்காமல் விட்ட தண்ணீர்தான் உண்டு. அசைவு நின்றது, வெயில் விழுந்தது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பத்து நாளில் பச்சையானதைப் பொறுமையாக மூன்று நான்கு நாள் கவனித்தால் திரும்பிவிடும். மணல்திட்டின் மேல் குடியிருக்கும் நமக்கு அந்தப் பொறுமைதான் தண்ணீர்.

உங்கள் ஊரில் தண்ணீர் தெளிய வைக்க அம்மாச்சியும் அப்பத்தாவும் என்ன போட்டார்கள்? தேற்றாங்கொட்டையா, படிகாரமா, வேறு ஏதாவதா? உங்கள் ஊர் ஊரணியின் பெயரோடு கீழே எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அம்மாவிடம் போன் போட்டுக் கேட்டு எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. இந்த வருடம் தூர் வார ஆள் கூப்பிட்டால், போக முடிந்தவர்கள் ஒரு சட்டி மண்ணாவது அள்ளிவிட்டு வாருங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.